இரண்டு மீட்டர் ரிப்பீட்டர்: ஆன்டெனாவிலிருந்து தொடங்கிக் கட்டும் முறை

ரிப்பீட்டர் (ஓர் அதிர்வெண்ணில் கேட்டதை அதே நேரத்தில் வேறோர் அதிர்வெண்ணில் மீண்டும் ஒலிபரப்பும் நிலையம்) கட்ட விரும்பும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டரை எப்போது இயக்குவது என்று முடிவு செய்யும் கண்ட்ரோலர் பலகையிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறார்கள். மேசையில் உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை அது. விளக்கு எரிவதும் ரிலே தட்டுவதும் அன்றைக்கே பலனைக் காட்டிவிடும். ஆனால் சில மாதங்களுக்குப் பிறகு மலை மேல் நின்றுகொண்டு, "டிரான்ஸ்மிட்டர் ஓடாதபோது எல்லாம் கேட்கிறது, ஓடத் தொடங்கியதும் ரிசீவரின் காது அடைத்துவிடுகிறது" என்று வருந்துகிறவர்களும் அவர்களே. ரிப்பீட்டரின் தரத்தை முடிவு செய்வது அதன் காது. அந்தக் காதைக் காப்பவை ஆன்டெனா, கேபிள், ஒரே ஆன்டெனாவில் பேசுவதையும் கேட்பதையும் பிரித்துவைக்கும் வடிகட்டியான டூப்ளெக்சர் என்ற மூன்றும்தான். ஆகவே இந்த வழிகாட்டி அந்த மூன்றிலும் நெடுநேரம் தங்கி, கண்ட்ரோலரைக் கடைசியில் சுருக்கமாகத் தொடுகிறது.

எடுத்துக்காட்டாக 145.050 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.650 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும் ஒரு ரிப்பீட்டரை எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் அமெச்சூர் சேவைக்குத் தரப்பட்டுள்ள 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, அலைநீளத்தால் இரண்டு மீட்டர் எனப்படும் பட்டைக்குள் இந்த இணை அடங்குகிறது. இரண்டுக்கும் இடையே வழக்கமான 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கிறது. உங்கள் நிலையத்துக்கான உண்மையான அதிர்வெண்களைத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் அனுமதியே முடிவு செய்யும். தனிநபர் ஹாம் உரிமம் கையில் இருப்பதாலேயே ரிப்பீட்டரை இயக்கிவிட முடியாது. அதற்கான அனுமதியைத் தனியே பெற வேண்டும். விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே சுற்றியுள்ள மாவட்டங்களின் ஹாம்களிடம் பேசி, அதே இணையில் வேறொரு ரிப்பீட்டர் இயங்குகிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. மலை உச்சியிலிருந்து புறப்படும் அலை மாவட்ட எல்லையில் நின்றுவிடுவதில்லை.

உயரம் எவ்வளவு உதவும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். தரையிலிருந்து ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அந்த ஆன்டெனாவின் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். 12 மீட்டர் உயர மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு இது ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஆகவே இரண்டு மாடிவீட்டு நிலையங்கள் சமவெளியில் ஒன்றையொன்று நேரடியாக எட்டக்கூடிய தொலைவு 28 கிலோமீட்டர்தான். சேலம் சமவெளியிலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் மேலே நிற்கிறது. அங்கே வைத்த ஆன்டெனாவின் அடிவானம் 140 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. குறுக்கே வேறு மலை நின்றால் இந்தக் கணக்கு செல்லாது என்றாலும், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஆன்டெனாவை மாற்றிப் பெறும் 3 டெசிபலைவிட (அதாவது இரு மடங்குத் திறனைவிட) நல்ல மலை தருவது மிக அதிகம்.

காதும் வாயும் ஒரே கூரையின் கீழ்

25 வாட் டிரான்ஸ்மிட்டரின் திறனை ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டு சொன்னால் 44 டி.பி.எம். ஆகும். நல்ல நிலையில் உள்ள ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட் அளவிலான குறிப்பலையைக் கேட்டுவிடும்; 50 ஓமில் அது மைனஸ் 121 டி.பி.எம். இரண்டுக்கும் நடுவே 165 டெசிபல் வேறுபாடு, அதாவது மூன்றுக்குப் பின்னால் 16 சுழியங்கள் போட்டால் வரும் மடங்கு. இந்த இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே ஆன்டெனாவில், 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இயங்க வேண்டும் என்பதுதான் ரிப்பீட்டரின் முழுச் சிக்கலும்.

இங்கே ரிசீவரைத் தாக்குபவை இரண்டு; இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருடைய டியூனிங் தவறாகப் போகிறது. முதலாவது, 145.650 மெகாஹெர்ட்ஸில் புறப்படும் வலிமையான அலையே ரிசீவரின் முன்கட்டத்துக்குள் நுழைந்து அதைத் திணறடிப்பது. இதை ரிசீவர் பக்கத்தில்தான் தடுக்க முடியும். இரண்டாவது, டிரான்ஸ்மிட்டர் தன் அதிர்வெண்ணுக்கு இரு புறமும் பரப்பும் இரைச்சல். அது 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளியும் முற்றிலும் அடங்கிவிடுவதில்லை, எனவே சரியாக 145.050 மெகாஹெர்ட்ஸிலேயே வந்து விழுகிறது. ரிசீவர் கேட்க வேண்டிய அதிர்வெண்ணிலேயே வரும் இரைச்சலை ரிசீவர் பக்கத்தில் எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. அதை டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே வெட்ட வேண்டும். 25 வாட் அளவுக்கு இவ்விரு தடைகளும் தலா 85 முதல் 90 டெசிபல் வரை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டூப்ளெக்சர் இல்லாமல் இரண்டு ஆன்டெனாக்களைப் பிரித்து வைத்தே இதைச் சாதிக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. இரண்டு செங்குத்து ஆன்டெனாக்களை ஒன்றன் நேர் மேலே ஒன்றாக 10 மீட்டர் பிரித்தால் ஏறத்தாழ 55 டெசிபல் தடை கிடைக்கும். அதே தடையைப் பக்கவாட்டில் பெற ஏறக்குறைய 100 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். 85 டெசிபலைச் செங்குத்துப் பிரிவால் மட்டும் பெற வேண்டுமென்றால் 55 மீட்டர் இடைவெளி தேவை. அத்தனை உயரக் கோபுரம் நமக்கு வாய்ப்பதில்லை. 10 மீட்டர் பிரிவும், இரு பக்கமும் தலா ஒரு கேவிட்டியும் (ஓர் அதிர்வெண்ணைக் கடத்தி மற்றதை வெட்டும் உலோக உருளை) சேர்ந்த கலப்பு ஏற்பாடு, கையில் பணம் குறைவாக உள்ள குழுவுக்கு மிக நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. இரண்டு ஆன்டெனா, இரண்டு கேபிள் என்ற கூடுதல் செலவு இருந்தாலும், முழு டூப்ளெக்சரின் ஆறு கேவிட்டிகளுக்கு ஆகும் செலவைவிட அது பொதுவாகக் குறைவு.

செம்புக் குழாயில் ஒரு ஜே-போல்

ரிப்பீட்டர் ஆன்டெனாவுக்கு முதல் தகுதி, அதில் தளர்ந்த மூட்டுகளோ வெவ்வேறு உலோகங்கள் தொடும் இடங்களோ இருக்கக் கூடாது என்பதுதான். அத்தகைய மூட்டு ஒன்று துருப்பிடித்தால், வலிய அலை அதன் வழியே பாயும்போது பட்டை முழுவதும் இரைச்சல் எழும். வீட்டு நிலையத்தில் இது தெரியாது, ஏனெனில் அங்கே பேசும்போது நாம் கேட்பதில்லை. ரிப்பீட்டர் இரண்டையும் ஒன்றாகச் செய்வதால் இரைச்சல் அப்படியே காதில் விழும். கோஆக்ஸ் கேபிளைத் துண்டு துண்டாக வெட்டி, உள்கம்பியையும் வெளிப்பின்னலையும் மாற்றி மாற்றிப் பற்றவைத்துச் செய்யும் கோலினியர் ஆன்டெனாவை வீட்டு நிலையத்துக்கு நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ரிப்பீட்டருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதிலுள்ள ஒவ்வொரு பற்றவைப்பும் சில ஆண்டுகளில் ஓர் இரைச்சல் ஊற்றாக மாறக்கூடும்.

முழுவதும் செம்பால் ஆன ஜே-போல் இந்தக் குறை இல்லாதது. ஏ.சி. மெக்கானிக்குகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் அரை அங்குலச் செம்புக் குழாய் கிடைக்கும். சுருளாக வரும் மென்குழாயை விட்டுவிட்டு நேர்க்குழாயாக வருவதைக் கேட்டு வாங்க வேண்டும். நெடுங்குழாய் 147 சென்டிமீட்டர், குறுங்குழாய் 49 சென்டிமீட்டர். இரண்டையும் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இணையாக நிறுத்தி, அடியில் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தால் ஆங்கில ஜே எழுத்தின் வடிவம் வரும். இந்த நீளங்கள் குறுக்குக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து அளக்கப்படுபவை. நெடுங்குழாய்க்கு நேர் கீழே இன்னும் ஒரு முழ நீளத்துக்குக் குழாயை நீட்டிக்கொண்டால் கோபுரத்தில் கட்டுவதற்குப் பிடி கிடைக்கும். அந்தப் பகுதி கதிர்வீச்சில் பங்கேற்பதில்லை. மூட்டுகளை ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து வெள்ளி கலந்த கம்பியால் பிரேசிங் செய்துவிடுவது மிகச் சிறந்தது. திருகும் நட்டும் எங்கும் வேண்டாம். நெடுங்குழாயின் மேல் வாயைச் செம்பு மூடியால் அடைத்து, நீர் தேங்காதபடி அடியில் ஒரு சிறு துளை இட வேண்டும்.

கேபிளை இணைக்க வேண்டிய புள்ளி குறுக்குக் குழாயிலிருந்து 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். முதலில் இரண்டு பித்தளைக் கிளிப்புகளால் தற்காலிகமாகப் பிடித்து, உள்கம்பியை நெடுங்குழாயிலும் பின்னலைக் குறுங்குழாயிலும் இணைத்து, நானோ வி.என்.ஏ. என்ற சிறு அளவுகருவியால் 144 முதல் 147 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் விகிதம்) வரைகோட்டைப் பாருங்கள். பள்ளம் நம் இரு அதிர்வெண்களுக்கும் நடுவான 145.350க்குக் கீழே விழுந்தால் நெடுங்குழாய் நீளம் அதிகம் என்று பொருள். சில மில்லிமீட்டர்களாக அராவிக் குறைக்கலாம். பள்ளம் சரியான இடத்தில் இருந்தும் போதிய ஆழம் இல்லையென்றால் இணைப்புப் புள்ளியை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். இந்த அளவீட்டை வீட்டுக்குள்ளோ இரும்புக் கைப்பிடிச் சுவருக்கு அருகிலோ செய்யக் கூடாது. ஆன்டெனாவின் அடிப்பகுதி தரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் உயரத்தில், திறந்த வெளியில் நிற்க வேண்டும். இரு அதிர்வெண்களிலும் 1.5க்குக் கீழே வந்துவிட்டால் போதும். 1.5 என்பது திரும்பி வரும் திறன் 4 சதவீதம் மட்டுமே என்று பொருள்படும், அதை 1.1 ஆக்க இரண்டு நாள் செலவிடுவதைவிட அந்த நேரத்தை நீர்க்காப்பில் செலவிடலாம்.

புள்ளி கிடைத்ததும் கிளிப்புகளை நீக்கிப் பற்றவைத்துவிட வேண்டும். இணைப்பின் கீழே கேபிளையே 10 சென்டிமீட்டர் விட்டத்தில் நான்கைந்து சுற்றுகள் சுற்றிக் கட்டினால், பின்னலின் வெளிப்புறத்தில் ஓடும் தேவையற்ற மின்னோட்டம் அடங்கும். பற்றவைத்த இடத்தை மூடும் சிலிகான் பசையில் ஓர் எச்சரிக்கை: வினிகர் வாடை வீசும் வகை செம்பை அரிக்கும், நடுநிலை வகை என்று குறித்ததையே வாங்க வேண்டும். ஜே-போலின் உலோகம் முழுவதும் நேர்மின்னோட்டத்துக்குத் தரையோடு இணைந்தே இருப்பதால், மின்னல் காலத்தில் அதில் மின்னேற்றம் சேராமல் வடிந்துவிடும். இது கோடையிலும் ஐப்பசியிலும் மலை மேல் பெரிய நன்மை.

இதன் பெருக்கம் அரை அலை டைபோல் என்ற அடிப்படை ஆன்டெனாவுக்கு ஏறத்தாழச் சமம். இன்னும் வேண்டுமென்றால் இதேபோல் இரண்டைச் செய்து, இணைப்புப் புள்ளிகளுக்கு இடையே 2 மீட்டர் இருக்கும்படி ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் 75 ஓம் கேபிள் 170 சென்டிமீட்டர் கொண்டுவந்து ஒரு டி-இணைப்பில் சேர்க்கலாம். வேகக் காரணி (கேபிளுக்குள் அலையின் வேகம் வெட்டவெளியில் உள்ளதில் எத்தனை பங்கு என்பது) 0.66 கொண்ட கேபிளில் அந்த நீளம் ஐந்து கால் அலைகள். அது 50 ஓமை ஏறத்தாழ 112 ஓமாக மாற்றுவதால், இரண்டும் இணையாகச் சேரும்போது 56 ஓம் கிடைக்கிறது. கூடுதல் பெருக்கம் அதிகபட்சம் 3 டெசிபல். முதல் ஆண்டில் இது தேவையில்லை என்பேன்.

கேபிள்

145 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி. 58 கேபிள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழக்கும், ஆர்.ஜி. 213 ஏறத்தாழ 9 டெசிபல். அரை அங்குல நெளிசெம்புக் கேபிள் 3 டெசிபலுக்கும் குறைவு. 30 மீட்டர் ஓட்டத்துக்கு ஆர்.ஜி. 213 போட்டால் கிட்டத்தட்டப் பாதித் திறன் கேபிளிலேயே போய்விடும், கேட்கும் திறனும் அதே அளவுக்குக் குறையும். செல்பேசிக் கோபுரங்களில் மாற்றிக் கழித்த நெளிசெம்புத் துண்டுகள் பழைய பொருள் வணிகர்களிடம் கிடைப்பதுண்டு. அவற்றைத் தேடி வாங்குவதே சிக்கனம்.

குறைந்த இழப்புக் கேபிள் என்று விற்கப்படும் ஒரு வகையில் அலுமினியத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் சுற்றப்பட்டிருக்கும். வீட்டு நிலையத்துக்கு அது மிக நல்ல கேபிள். எங்கள் குழு முதலில் அதைத்தான் போட்டது. முதல் இரண்டு மாதங்கள் குறையேதும் இல்லை. பிறகு காற்று வீசும் நாள்களில் மட்டும் பலவீனமான நிலையங்களின் பேச்சோடு ஒரு சடசடப்பு கலந்து வந்தது. டூப்ளெக்சரைச் சந்தேகித்து மூன்று முறை கழற்றி மாட்டினோம், ரிசீவரை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஒருவர் கோபுரத்தின் நடுவில் நின்று கேபிளைக் கையால் ஆட்டியபோதுதான் காரணம் வெளிப்பட்டது. தகடும் பின்னலும் அசைந்து உரசும் எண்ணற்ற தொடுபுள்ளிகள் ஒவ்வொன்றும் இரைச்சல் எழுப்பிக்கொண்டிருந்தன. ஒரே கேபிளில் பேசவும் கேட்கவும் செய்யும் அமைப்பில் இவ்வகைக் கேபிளைக் கோபுரத்திலும் போட வேண்டாம், கருவிகளுக்கிடையிலான குறுந்துண்டாகவும் போட வேண்டாம். நெளிசெம்பும், வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் கொண்ட ஆர்.ஜி. 214உம் நம்பத்தக்கவை.

கனெக்டர்கள் அனைத்தும் 'என்' (N) வகையாக இருக்கட்டும். வெளியில் உள்ள ஒவ்வொரு கனெக்டரின் மீதும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் வெயில் தாங்கும் வினைல் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓட்டு வரிசைபோல மேலடுக்கு கீழடுக்கின் மேல் படிந்து நீர் வழிந்தோடும். கட்டடத்துக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி வளைத்துத் தொங்கவிட்டால் மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் குரங்குகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். கைக்கு எட்டும் எந்தத் தளர்ந்த கேபிளையும் அவை விட்டுவைப்பதில்லை. தரையிலிருந்து மூன்று ஆள் உயரம் வரை கேபிளை இரும்புக் குழாய்க்குள் செலுத்திவிடுவதே தீர்வு.

கேவிட்டிகள்

145 மெகாஹெர்ட்ஸில் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குக் கால் அலைக் கேவிட்டிகள்தான் ஏற்றவை. உள்ளங்கை அளவில் மலிவாகக் கிடைக்கும் டூப்ளெக்சர்கள் 5 மெகாஹெர்ட்ஸ் போன்ற பெரிய இடைவெளிகளுக்காகச் செய்யப்பட்டவை. விற்பவர் என்ன சொன்னாலும் நம் இடைவெளியில் அவை போதிய தடையைத் தருவதில்லை.

கேவிட்டியின் அமைப்பு எளிது. மூடிய உலோக உருளைக்குள், ஒரு முனை மட்டும் அடியில் பற்றவைக்கப்பட்ட குழாய் ஒன்று நடுவில் நிற்கும்; அதன் நீளம் கால் அலை ஆகும்போது அந்த அதிர்வெண்ணில் ஒத்திசைவு உண்டாகும். 145.350க்குக் கால் அலை 51.6 சென்டிமீட்டர். வெளி உருளையின் உள்விட்டம் உள்குழாயின் வெளிவிட்டத்தைப்போல 3.6 மடங்கு இருந்தால் இழப்பு மிகக் குறையும். 100 மில்லிமீட்டர் உருளைக்கு 28 மில்லிமீட்டர் குழாய் பொருந்தும், 150 மில்லிமீட்டர் உருளைக்கு 42. உருளை பெரிதாகும் அளவுக்கு வடிகட்டும் கூர்மையும் கூடும். உருளையின் நீளம் உள்குழாயின் முனைக்கு மேலும் சில சென்டிமீட்டர் இடம் விட்டு, 60 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். உள்குழாயின் மேல்பகுதியில் பாஸ்பர் வெண்கல விரல்கள் பிடித்திருக்க, உள்ளே ஏறி இறங்கும் ஒரு நகரும் துண்டுதான் டியூனிங் செய்யும் பகுதி. அதைத் தாங்கும் திருகுத்தண்டு செம்பாக இருந்தால், 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் அதிர்வெண் 70 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நகரக்கூடும். நல்ல கேவிட்டிகளில் வெப்பத்தால் மிகக் குறைவாக விரியும் இன்வார் உலோகத்தண்டு இருப்பது இதனால்தான். இன்வார் கிடைக்காதவர்கள் கேவிட்டிகளை வெயில் படாத அறையில், தெர்மோகோல் ஒட்டிய பெட்டிக்குள் வைத்து ஓரளவு சமாளிக்கலாம்.

முழுவதும் புதிதாகச் செய்வதைவிட, 150 முதல் 160 மெகாஹெர்ட்ஸில் வணிகப் பயன்பாட்டில் இருந்து கழிக்கப்பட்ட கேவிட்டிகளை வாங்கி மாற்றுவதை நான் விரும்புவேன். 155 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 48.4 சென்டிமீட்டர் என்பதால், நகரும் துண்டு இன்னும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வெளியே வர வேண்டியிருக்கும்; தண்டில் அந்த அளவு மிச்சம் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். கேவிட்டிகளை இணைக்கும் குறுங்கேபிள்களை மாற்றப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவையும் கால் அலை நீளமானவை. பழையவை 155க்காக வெட்டப்பட்டவை. 0.66 வேகக் காரணிக்குப் புதிய நீளம் 34 சென்டிமீட்டர், கனெக்டருக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து.

ஒரு பக்கத்துக்கு மூன்று, ஆக ஆறு கேவிட்டிகள் என்பது வழக்கம். டிரான்ஸ்மிட்டர் பக்கத்து மூன்றும் 145.650ஐக் கடத்தி 145.050ஐ வெட்ட வேண்டும். ரிசீவர் பக்கத்து மூன்றும் 145.050ஐக் கடத்தி 145.650ஐ வெட்ட வேண்டும். ஆறையும் இணைத்து வைத்துக்கொண்டு டியூன் செய்ய முயலக் கூடாது. நானோ வி.என்.ஏ. அளக்கக்கூடிய ஆழம் ஏறத்தாழ 70 டெசிபல்தான், நமக்கு வேண்டியதோ 85. மேலும் ஒன்றைத் திருப்பினால் மற்றவற்றின் வரைகோடும் நகரும். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, இரு முனைகளிலும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (திறனைக் குறைக்கும் துண்டு) இணைத்து, முதலில் நடுத்தண்டைத் திருப்பிக் கடத்தும் அதிர்வெண்ணை அமைத்து, பிறகு கேவிட்டிக்குள் அலையைச் செலுத்தும் வளையத்தோடு உள்ள டிரிம்மர் மின்தேக்கியால் வெட்டும் அதிர்வெண்ணை அமைக்க வேண்டும். ஒன்று மற்றதைச் சற்று நகர்த்துவதால் இதை மூன்று நான்கு முறை திரும்பச் செய்ய நேரும். ஒரு கேவிட்டியில் 30 டெசிபல் அளவு வெட்டு கிடைத்தால் திருப்தி அடையலாம். மூன்றும் சேர்ந்தபின் கடத்தும் பக்கத்தில் 1.5 டெசிபல் இழப்பு வரலாம். 25 வாட் உள்ளே போனால் ஏறத்தாழ 18 வாட் வெளியே வரும். அதற்காக வருந்த வேண்டாம்.

கருவிகளும் கண்ட்ரோலரும்

வாகனங்களில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட வணிக எஃப்.எம். கருவிகள் இரண்டு போதும். மோட்டோரோலாவின் ஜி.எம். 300 போன்றவற்றில் பின்புறமே துணைக் கனெக்டர் இருப்பதால் பெட்டியைத் திறக்காமலே ரிசீவரின் ஒலி, அலை வந்ததைக் காட்டும் குறி, பேசத் தொடங்கும் கட்டளை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். முனைகளின் வரிசையைச் சர்வீஸ் கையேட்டில் சரிபார்த்த பிறகே கம்பி இணையுங்கள். வாகனக் கருவி விட்டுவிட்டுப் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. 25 வாட் கருவியை 10 வாட்டுக்குக் குறைத்து, பின்புறத் தகட்டின் மேல் ஒரு 12 வோல்ட் விசிறியைச் சுழலவிட்டால்தான் தொடர்ந்து உழைக்கும். குறைத்ததால் கேட்பவருக்கு ஏற்படும் இழப்பு 4 டெசிபல் மட்டுமே. டூப்ளெக்சர் தாங்க வேண்டிய சுமையும் அதே அளவு குறைகிறது. ரிப்பீட்டரை அழைப்பவர்கள் பலரிடம் இருப்பது 5 வாட் கைக்கருவி. அவர்கள் குரலைக் கேட்க முடியாத தொலைவுக்கு நாம் மட்டும் ஒலிபரப்புவதில் யாருக்கும் பயனில்லை.

இரு கருவிகளையும் தனித்தனி உலோகப் பெட்டிகளில் அடைத்து, உள்ளே செல்லும் ஒவ்வொரு கம்பியையும் பெட்டிச் சுவரில் பொருத்தும் 1,000 பிக்கோஃபாரட் ஊடுமின்தேக்கி வழியாகச் செலுத்துங்கள். டூப்ளெக்சர் 90 டெசிபல் தடுத்தாலும், மின்கம்பி வழியே அலை கசிந்தால் அத்தனையும் வீண்.

கண்ட்ரோலர் செய்ய வேண்டியவை சில. அலை வந்ததும் டிரான்ஸ்மிட்டரை இயக்குவது, அலை நின்றபின்னும் இரண்டு வினாடி ஒலிபரப்பைத் தொடர்ந்து வால் விடுவது, ஒருவர் தொடர்ந்து பேசினால் மூன்று நிமிடத்தில் நிறுத்துவது, குறித்த இடைவெளியில் அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்புவது: இவற்றுக்கு ஒரு ஆர்டுயினோ நானோவும் (சிறு கணினிப் பலகை) இரண்டு ஆப்டோகப்ளர்களும் (ஒளி வழியே குறியைக் கடத்தும் சிப்) போதும். கருவிக்குள்ளேயே உள்ள நேரவரம்பையும் மூன்றரை நிமிடத்துக்கு அமைத்துவிடுங்கள். கண்ட்ரோலர் உறைந்துபோனாலும் டிரான்ஸ்மிட்டர் எரியாது. தொலைவிலிருந்து நிறுத்தும் வழி கட்டாயம் வேண்டும், எம்.டி. 8870 சிப் ஒன்றால் டி.டி.எம்.எஃப். (விசையை அழுத்தினால் எழும் தொனி) எண்களைப் படித்து இதைச் செய்யலாம். 88.5 அல்லது 123 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு சி.டி.சி.எஸ்.எஸ். தொனியை (பேச்சோடு சேர்த்து அனுப்பினால்தான் ரிப்பீட்டர் திறக்கும் தாழ்ந்த தொனி) வைத்தால் வெற்று இரைச்சலுக்கு ரிப்பீட்டர் விழிப்பது நிற்கும். ஆனால் அதைக்கொண்டு மேலே சொன்ன குறைகளை மறைக்கக் கூடாது. தொனி இரைச்சலை நீக்குவதில்லை, நம் காதிலிருந்து ஒளிக்கிறது.

ஒலி அளவை ஒரு 10 கிலோஓம் பிரீசெட்டால் அமைக்கலாம். ஒரு நண்பரின் பேச்சை உள்வரும் அதிர்வெண்ணில் நேரடியாகவும், ரிப்பீட்டர் வழியாகவும் ஒரே கைக்கருவியில் மாறி மாறிக் கேட்டு, இரண்டும் ஒரே உரப்பில் வரும்வரை திருப்புங்கள்.

மின்சாரத்துக்கு, 10 வாட்டில் பேசும்போது 4 ஆம்பியர், கேட்கும்போது அரை ஆம்பியர் என்று கொண்டால், நாளுக்கு ஆறு மணி நேரம் பேசும் ரிப்பீட்டர் 33 ஆம்பியர்-மணி எடுக்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடாமல் பார்த்தால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை நாள் தாங்கும். கோபுரம், கேபிளின் மேல்முனை, கீழ்முனை, மின்னல் தடுப்பான், கருவிப் பெட்டி எல்லாம் ஒரே தரைத்தொடர்பில் சேர வேண்டும். தனித்தனியாகப் புதைத்த இரண்டு தரைத்தண்டுகள் மின்னல் விழும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குக் கருவியின் வழியே பாய வழி செய்துவிடும்.

காது அடைக்கிறதா என்று பார்ப்பது

எல்லாவற்றையும் இணைத்தபின் செய்யும் இந்தச் சோதனைதான் முந்தைய உழைப்பு அனைத்தையும் மதிப்பிடுகிறது. டூப்ளெக்சரில் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டம்மி லோடை (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் மின்தடை) இணைத்து, ரிசீவரின் ஒலிபெருக்கியை நேரடியாகக் கேட்கும்படி வையுங்கள். ஒரு நண்பரைக் கைக்கருவியோடு தொலைவில் நிறுத்தி, அவர் திறனைக் குறைத்தோ, ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு மாட்டியோ, பேச்சு புரியும், ஆனால் இரைச்சல் கலந்திருக்கும் என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டரைக் கையால் இயக்கி நிறுத்தி, இயக்கி நிறுத்திக் கேளுங்கள். இரைச்சல் மாறவே கூடாது. மாறினால் குறை கட்டடத்துக்குள்ளே இருக்கிறது: டூப்ளெக்சரிலோ, குறுங்கேபிளிலோ, பெட்டிக் கசிவிலோ.

டம்மி லோடில் அமைதியாக இருந்து, ஆன்டெனாவை இணைத்ததும் இரைச்சல் எழுந்தால், குறை வெளியே இருக்கிறது. டூப்ளெக்சரைத் தொடாதீர்கள். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ஒருவர் கேபிளை மெல்ல ஆட்டட்டும், கோபுரத்தை மரச்சுத்தியலால் தட்டட்டும், இழுகம்பிகளின் கிளாம்புகளை ஒவ்வொன்றாக அசைக்கட்டும். துருப்பிடித்த கொக்கி ஒன்றே போதும். ஆன்டெனாவோடு தொடர்பே இல்லாத இரும்பு வேலியும் காரணமாகலாம். தட்டும்போது சடசடக்கும் இடத்தை இறுக்கியோ, பற்றவைத்தோ, ரப்பர் வைத்துத் தொடாமல் பிரித்தோ சரிசெய்யுங்கள். இந்த வேலையில் கோபுரத்தில் ஏறுபவர் இடுப்புப் பட்டை அணிந்திருக்க வேண்டும். ஆன்டெனாவுக்கு அருகில் கை போகும் நேரத்தில் டிரான்ஸ்மிட்டரின் மின்சாரமே துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

சோதனை முடிந்த நாளில் ஆன்டெனாவின் எஸ்.டபிள்யூ.ஆர்., டூப்ளெக்சருக்கு முன்னும் பின்னும் உள்ள திறன், ஒவ்வொரு கேவிட்டியின் வெட்டு ஆழம், பேட்டரியின் மின்னழுத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, தேதியோடு பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மார்கழியில் ஒருமுறை மேலே சென்று அதே எண்களை மீண்டும் அளந்து, பழைய வரிக்குக் கீழே எழுத வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். கூடியிருந்தால் முதலில் அவிழ்க்க வேண்டியது ஆன்டெனாவின் கீழே உள்ள கனெக்டரின் டேப். பெரும்பாலும் நீர் அங்கேதான் புகுந்திருக்கும்.